ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு (கோபால்சாமி துரைசாமி நாயுடு, மார்ச் 23, 1893 – சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழில் முனைவர், பொறியியல் கண்டுபிடிப்பாளர், கல்விக் கொடையாளர் ஆவார். பள்ளிப் படிப்பைத் தொடக்க நிலையிலேயே விட்டுவிட்ட இவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டி இயந்திரவியலைத் தாமே கற்றுக்கொண்டார். 1920இல் ஒரே ஒரு பேருந்துடன் தொடங்கிய இவரது போக்குவரத்துத் தொழில், பின்னர் யு.எம்.எஸ். என்னும் பெயரில் தென்னிந்தியாவின் பெரிய பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. மின்சவரக் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் மின்விசிறி, மலிவு விலை வானொலி, இருவர் அமரும் மகிழுந்து முதலிய பல பொருள்களை இவர் உருவாக்கினார். கோயம்புத்தூரில் தொழிற்கல்வி வேரூன்றக் காரணமானவர்களுள் ஒருவர். இந்தியாவின் எடிசன் என்னும் அடைமொழியால் அறியப்படுகிறார்.

இளமை

நாயுடு கோயம்புத்தூரை அடுத்த சூலூர் வட்டாரத்தில் உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி. சிறு வயதிலேயே தாயை இழந்ததால் உறவினர் பொறுப்பில் வளர்ந்தார்.

பள்ளியில் இவருக்கு நாட்டம் இருக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசியதால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார் என்னும் செய்தி இவரைப் பற்றிய வரலாற்று நூல்களில் பரவலாக இடம்பெறுகிறது. பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு முடிந்தாலும், தமிழ் நூல்களைத் தாமே படிக்கும் பழக்கம் இவரிடம் இருந்தது. குடும்பத்தின் தோட்ட வேலைகளைக் கவனித்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் படித்து வந்தார். பிற்காலத்தில் பொறியியல் கல்லூரி ஒன்றுக்கு முதல்வராக இருந்தவர் பள்ளி இறுதி வகுப்பைக்கூட எட்டாதவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ரட்ஜ் மோட்டார் சைக்கிள்

நாயுடுவின் வாழ்க்கையைத் திசைதிருப்பிய நிகழ்வு, ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டதாகும். லங்காஷயர் என்னும் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி, நிலங்களைப் பார்வையிடத் தமது ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்து செல்வது வழக்கம். மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடும் வண்டி அக்காலத்தில் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அரிய காட்சி. வழியில் நின்றுபோன வண்டியை அந்த அதிகாரி பழுது பார்த்ததை நாயுடு அருகிலிருந்து கவனித்தார் என்றும், அதனைத் தாமும் வாங்கிவிட வேண்டும் என்னும் எண்ணம் அப்போதே எழுந்தது என்றும் கூறப்படுகிறது.

வண்டியை வாங்கப் பணம் இல்லை. ஆகவே ஊரைவிட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவகத்தில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் சேமித்த பணத்தைக் கொண்டு அந்த அதிகாரியிடமிருந்தே வண்டியை வாங்கினார். விலை 300 ரூபாய் என்பர்.

ரட்ஜ் விட்வொர்த் நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் மிதிவண்டி செய்து வந்த நிறுவனமாகும். 1911ஆம் ஆண்டளவில் மோட்டார் சைக்கிள் விற்பனையில் இறங்கிய அது, 1914இல் மான் தீவில் நடைபெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மூத்தோர் பிரிவில் வெற்றி பெற்றது. அக்கால ரட்ஜ் வண்டி ஒற்றை உருளை கொண்டது. கொள்ளளவு ஏறத்தாழ 500 கன செ.மீ. பெட்ரோல் தொட்டி இயந்திரத்துக்கு மேலே இருந்ததால் பெட்ரோல் தன் எடையாலேயே கீழிறங்கிக் கார்புரேட்டரை அடைந்தது. தீப்பொறியை மாக்னெட்டோ என்னும் சிறு மின்னாக்கி தந்தது. பின்சக்கரத்தை ஒரு வார்ப்பட்டை சுழற்றியது.

மின்கலம், எரிபொருள் பம்பு போன்ற துணைக் கருவிகள் ஏதும் இல்லாத இவ்வண்டி, ஓர் இயந்திரம் இயங்கும் முறையை வெளிப்படையாகக் காட்டியது. காற்று எங்கே நுழைகிறது, பெட்ரோல் எங்கே கலக்கிறது, தீப்பொறி எப்போது பாய்கிறது, புகை எவ்வழியே வெளியேறுகிறது என்பவற்றைத் திருகுகளைக் கழற்றினாலே கண்டுகொள்ளலாம். நாயுடு வண்டியை முழுவதுமாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். வழிகாட்டி நூலோ ஆசிரியரோ இல்லாமல் இவ்வாறு பெற்ற அறிவே இவரது பிற்காலப் பணிகள் அனைத்துக்கும் அடிப்படையாயிற்று.

பருத்தி வணிகம்

மோட்டார் வண்டிகள் மீது ஆர்வம் இருந்தபோதும் நாயுடு முதலில் ஈடுபட்ட பெருந்தொழில் பருத்தியாகும். திருப்பூரில் பருத்தி அரைக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தி விலை உயர்ந்ததால் இத்தொழிலில் நல்ல வருவாய் கிடைத்தது. அதன் பின் பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் பெரிய அளவில் முதலீடு செய்தார். அங்கு ஏற்பட்ட இழப்பில் சேர்த்த பொருளெல்லாம் கரைந்தது. ஊர் திரும்பிய நாயுடு மீண்டும் இயந்திரத் துறைக்கே வந்தார்.

பேருந்துத் தொழில்

ராபர்ட் ஸ்டேன்ஸ் (1841–1936) கோயம்புத்தூரின் தொழில் வளர்ச்சிக்கு வித்திட்ட ஆங்கிலேய வணிகர்களுள் ஒருவர். காப்பி பதப்படுத்தல், நூற்பாலை, மோட்டார் வணிகம் எனப் பல தொழில்களை நடத்திய இவரிடம் நாயுடு வேலை தேடிச் சென்றார். நாயுடுவின் திறமையை உணர்ந்த ஸ்டேன்ஸ், பிறரிடம் வேலை செய்வதைவிடச் சொந்தமாகப் பேருந்து ஓட்டுவதே அவருக்கு ஏற்றது எனக் கருதினார். 8,000 ரூபாய் விலையுள்ள பேருந்து ஒன்றை வாங்க 4,000 ரூபாய் கடனுதவியும் அளித்தார் என்று கூறப்படுகிறது.

1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடுவின் முதல் பேருந்து ஓடத் தொடங்கியது. வண்டியை அவரே ஓட்டினார். பழனி முருகன் கோயிலுக்குச் செல்லும் அடியார்களும் பொள்ளாச்சிச் சந்தைக்குச் செல்லும் வணிகர்களும் மிகுதியாகப் பயன்படுத்திய தடம் அது.

ஒரு பேருந்து பலவாகப் பெருகியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயரின் சுருக்கமே யு.எம்.எஸ். ஆகும். 1933 அளவில் இந்நிறுவனத்திடம் 280 பேருந்துகள் இருந்தன எனக் குறிப்பிடப்படுகிறது. தனியார் பேருந்துகள் ஆள் சேரும் வரை காத்திருந்து புறப்படுவது இயல்பாக இருந்த அக்காலத்தில், குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேர்வது இந்நிறுவனத்தின் அடையாளமாயிற்று. பயணச்சீட்டு வழங்கும் இயந்திரம் ஒன்றையும், இயந்திர உருளைகளின் உட்சுவர்களை அதிர்வு மூலம் சோதிக்கும் கருவி ஒன்றையும் நாயுடு உருவாக்கினார்.

எரிபொருளும் பழுதறிதலும்

நேரந்தவறாத பேருந்துச் சேவை, பணிமனையின் திறமையைப் பொறுத்தது. நாயுடு தொழில் நடத்திய 1920கள், 1930களின் வண்டிகள் பெரும்பாலும் பிரித்தானியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. உதிரி பாகம் வேண்டுமானால் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே பழுதின் காரணத்தைச் சரியாகக் கண்டறிவதும், பழுதான உறுப்பை இங்கேயே செப்பனிடுவதும் இன்றியமையாதவையாக இருந்தன. அவற்றுள் அடிக்கடி தோன்றியவை எரிபொருள் தொடர்பான பழுதுகளாகும்.

பெட்ரோல் முழுமையாக எரிய வேண்டுமானால், எடை அளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. பெட்ரோல் இதைவிட மிகுந்தால் செறிந்த கலவை என்றும், குறைந்தால் மெலிந்த கலவை என்றும் கூறுவர். இவ்விகிதத்தைக் காப்பது கார்புரேட்டரின் பணி. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் உருவாக்கிய எஸ்.யு. கார்புரேட்டர் அந்நாட்டு மகிழுந்துகளில் பல பத்தாண்டுகள் பயன்பட்டது.

கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதனுள் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் மட்டம் உயரும்போது மிதவை மேலெழுந்து, ஊசி போன்ற ஓர் அடைப்பானைத் தள்ளிப் பெட்ரோல் வரும் வழியை மூடும். மட்டம் தாழும்போது வழி திறக்கும். இவ்வமைப்பு எளியதாயினும் அழுத்தத்தைப் பொறுத்தது. உள்ளே வரும் பெட்ரோலின் அழுத்தம் மிதவையின் தூக்குவிசையை விஞ்சினால் ஊசி மூடிய நிலையில் நிற்காது. கிண்ணத்தில் மட்டம் ஏறிக் கலவை செறிவாகும். மிகுந்த பெட்ரோல் வெளியே சொட்டவும் கூடும்.

மேலிருந்து பெட்ரோல் இறங்கும் வண்டிகளில் இச்சிக்கல் குறைவு. ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும் பெட்ரோல் தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு மட்டுமே. தொட்டி வண்டியின் பின்புறத்துக்கு மாறியபோது பெட்ரோலை முன்னே கொண்டுவர வேறு வழி தேவைப்பட்டது. 1920களில் இயந்திரத்தின் உறிஞ்சு விசையைக் கொண்டு பெட்ரோலை இழுக்கும் வெற்றிடத் தொட்டிகள் பரவின. நெடிய ஏற்றத்தில் ஓட்டுநர் முழு வேகத்தில் விசையைத் திறந்து வைத்தால் உறிஞ்சு விசை குறைந்துவிடும். தொட்டி வற்றி வண்டி நின்றுபோகும். 1930களில் பம்புகள் இவற்றின் இடத்தைப் பிடித்தன. பம்பின் அழுத்தம் கார்புரேட்டருக்குப் பொருந்தாவிட்டால் மேற்கூறிய செறிவுச் சிக்கல் தோன்றும். அக்கால எஸ்.யு. வகை அமைப்புகளுக்குச் சதுர அங்குலத்துக்கு ஒன்றரை முதல் மூன்று பவுண்டு வரையிலான அழுத்தமே போதுமானது.

செறிந்த கலவையின் அறிகுறிகள் கரும்புகை, பெட்ரோல் நெடி, தீப்பொறி பிளக்கில் படியும் உலர்ந்த கரி, குறைந்த வேகத்தில் இயந்திரம் தடுமாறுதல் ஆகியனவாகும். காரணங்களோ பல. ஊசியில் தூசி சிக்கியிருக்கலாம்; ஊசி தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கலாம்; பித்தளை மிதவையில் துளை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கலாம்; குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்ப உதவும் சோக் முழுதும் விடுபடாமல் இருக்கலாம்; காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம்; பெட்ரோல் பீய்ச்சும் ஜெட் தேய்ந்து அகன்றிருக்கலாம். இவற்றை ஒழுங்குமுறையாகப் பிரித்தறிய வேண்டும். இயந்திரம் நின்றிருக்கையில், பெட்ரோல் குழாயைத் திறந்ததும் கிண்ணம் நிரம்பி வழிந்தால் பழுது ஊசியிலோ மிதவையிலோ அழுத்தத்திலோ உள்ளது. வழியாமல் இருந்து, ஓடும்போது மட்டும் கரும்புகை வந்தால் சோக், வடிகட்டி, ஜெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் ஜெட்டைத் திருகிக் கலவையை மெலிதாக்கினால் உண்மைப் பழுது மறைந்து நிற்கும். வேறொரு நாள் வேறு வடிவில் வெளிப்படும்.

கொங்கு நாட்டைச் சூழ்ந்த மலைகள் மற்றொரு சிக்கலைச் சேர்த்தன. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். கடல் மட்டத்தைவிட 1,200 மீட்டர் உயரத்தில் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே ஜெட் வழியே வரும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே சமவெளியில் சீராக ஓடிய கார்புரேட்டர் வண்டி, மலைமீது எவ்விதப் பழுதும் இல்லாமலேயே செறிந்த கலவையில் ஓடும். நீலகிரி, வால்பாறை, நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இன்றைய கொல்லிமலைச் சாலையில் பழைய கார்புரேட்டர் வண்டிகள் ஏறும்போது இவ்விளைவைக் காணலாம். ஏற்றத்தில் இயந்திரம் சூடேறிப் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைப்பதும் உண்டு. இரண்டிலும் இயந்திரம் வலுவிழக்கும் என்றாலும், முன்னது பெட்ரோல் மிகுதியாலும் பின்னது பெட்ரோல் வராமையாலும் நேர்பவை. ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

பெருநிறுவனத்துக்கு இதன் பொருளியல் விளைவும் பெரிது. 280 வண்டிகளில் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒரு கேலன் பெட்ரோலை வீணாக்கினால், இழப்பு ஆண்டுக்கு ஒரு லட்சம் கேலனைத் தாண்டும். மேலும், எரியாத பெட்ரோல் உருளைச் சுவரில் உள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடுவதால் இயந்திரமும் விரைவில் தேயும். எனவே பழுதறியும் திறன் ஒரு பேருந்து நிறுவனத்தின் இலாபத்தையே முடிவு செய்தது. பிரித்துப் பார்த்துக் காரணம் தேடும் பழக்கம் கொண்ட ஒருவர் இத்தொழிலில் முன்னேறியதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கொள்ளலாம்.

வெளிநாட்டுப் பயணங்களும் கண்டுபிடிப்புகளும்

நாயுடு 1930களில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் செய்தார். தொழிற்சாலைகளைப் பார்வையிடுவதும் புதிய கருவிகளை வாங்கி வருவதும் இப்பயணங்களின் நோக்கமாக இருந்தன. ஒளிப்படக் கலையிலும் இவருக்கு ஈடுபாடு இருந்தது. 1936 சனவரியில் இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் திரைப்படக் கருவியால் படம் பிடித்தார். செருமனியில் இட்லரையும் படம் எடுத்தார். காந்தி, நேரு, சுபாசு சந்திர போசு ஆகியோரையும் இவர் எடுத்த படங்கள் காட்டுகின்றன.

செருமனியில் இவர் உருவாக்கிய மின்சவரக் கருவி ரசாந்த் என்னும் பெயரில் விற்கப்பட்டது. உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மின்னோடி அதில் பொருத்தப்பட்டிருந்தது. இவர் உருவாக்கியனவாகக் குறிப்பிடப்படும் பிற பொருள்களுள் சில வருமாறு:

- மிக மெல்லிய சவர அலகு
- ஒளிப்படக் கருவிக்கான தொலைவு ஒழுங்குபடுத்தி
- பழச்சாறு பிழியும் கருவி
- முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுக் கருவி
- மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி

மின்சாரம் எட்டாத ஊர்களே மிகுதியாக இருந்த காலத்தில், கடைசியாகக் குறிப்பிட்ட விசிறி உள்ளூர்த் தேவையை அறிந்து செய்யப்பட்டதாகும். 1941இல், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தம்மால் தர இயலும் என்று அறிவித்தார்.

மின்னோடித் தொழில்

1937இல் கோயம்புத்தூர் பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் நிறுவனத்திலிருந்து மின்னோடி ஒன்று வெளிவந்தது. இதுவே இந்தியாவில் உருவான முதல் மின்னோடி எனப் பலராலும் கருதப்படுகிறது. இதன் வடிவமைப்பில் முதன்மைப் பங்காற்றியவர் து. பாலசுந்தரம் நாயுடு. இவர் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். கிணற்று நீரை இறைக்க வேளாண் மக்கள் மின்னோடியை நாடிய காலம் அது. மின்னோடியும் பம்பும் பின்னாளில் கோயம்புத்தூரின் அடையாளத் தொழில்களாக வளர்ந்தன.

தொழிற்கல்வி

1944இல் நாயுடு மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து விலகி, ஆய்வு உதவித்தொகை, தொழிலாளர் நலன், கல்வி ஆகியவற்றுக்கு நன்கொடைகளை அறிவித்தார். 1945இல் இவரது கொடையால் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பல்தொழில்நுட்பப் பயிலகமும் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரே இவற்றுக்கு இடப்பட்டது. நாயுடுவே முதல்வராகப் பொறுப்பேற்றார்.

பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது இவரது உறுதியான கருத்து. மாணவர் பட்டறையில் கையால் செய்து கற்றால் காலம் மிச்சமாகும் என்று இவர் கருதினார். அரசு இதனை ஏற்கவில்லை. பட்டத்தின் தகுதிக்கு வகுத்துரைத்த காலமும் பாடமும் வேண்டும் என்பது அரசின் நிலைப்பாடு. கருத்து வேறுபாடு தீராத நிலையில் நாயுடு முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார்.

கல்லூரி நின்றுவிடவில்லை. 1950இல் தடாகம் சாலைக்கு இடம் மாறிய அது, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் தமிழ்நாட்டின் முன்னணிப் பொறியியல் கல்லூரிகளுள் ஒன்றாக விளங்குகிறது. கல்லூரி முதலில் இயங்கிய அவிநாசி சாலைப் பகுதி இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது. நாயுடு தொடங்கிய வேறு பயிற்சி நிறுவனங்கள் குறுகிய காலத் தொழிற்பயிற்சியை அளித்தன.

இரண்டாயிரம் ரூபாய் மகிழுந்து

1952இல் நாயுடு இருவர் அமரக்கூடிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். இதனை 2,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று அவர் கணக்கிட்டிருந்தார். ஆனால் உற்பத்திக்குத் தேவையான உரிமத்தை அரசு வழங்கவில்லை. முயற்சி அத்துடன் நின்றது.

இம்மறுப்பை அக்காலப் பொருளாதாரக் கொள்கையோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். 1951ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் பெருந்தொழில்களுக்கு நடுவண் அரசின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. மகிழுந்துத் துறையில் ஒரு சில நிறுவனங்களே இசைவு பெற்றன. அவை அயல்நாட்டு வடிவங்களை இங்கே பூட்டி, படிப்படியாக உள்ளூர் உறுப்புகளுக்கு மாறின. மோரிசு ஆக்சுபோர்டு என்னும் பிரித்தானிய மகிழுந்தின் வடிவிலிருந்து 1950களின் பிற்பகுதியில் வந்த அம்பாசிடர், 2014 வரை உற்பத்தியில் இருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனமும் பிரித்தானிய வடிவங்களையே உருவாக்கியது. உள்நாட்டில் எண்ணி உருவாக்கிய சிறு மகிழுந்துக்கு அக்கட்டமைப்பில் இடம் கிடைக்கவில்லை. அது சந்தைக்கு வந்திருந்தால் விலையும் தரமும் நின்றிருக்குமா என்பதைச் சோதிக்கும் வாய்ப்பும் இல்லாமற் போயிற்று.

வரிக் கொள்கையிலும் நாயுடுவுக்கு அரசோடு பிணக்கு இருந்தது. உயர்ந்த வரி, உழைத்துப் புதியன படைப்பவரின் ஊக்கத்தைக் குலைக்கிறது என்று அவர் கருதினார். 1950களில், தாம் உருவாக்கிய பொருள்கள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். இச்செயல் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. அரசியலில் இவர் நேரடியாக ஈடுபட்டது ஒருமுறைதான். 1936–37 சென்னை மாகாணத் தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார்.

வேளாண் ஆய்வு

வேளாண் குடும்பத்தில் பிறந்த நாயுடு, தொழிலிலிருந்து விலகிய பின் பயிர் ஆய்விலும் ஈடுபட்டார். மிக உயரமாக வளரும் பருத்திச் செடி, பெரிய சோளக் கதிர், பப்பாளி வகைகள் ஆகியவற்றைத் தமது தோட்டத்தில் வளர்த்துக் காட்டினார். அறிவியலாளர் ச. வெ. இராமன் நாயுடுவின் பன்முகத் திறமையைப் பாராட்டியவர்களுள் ஒருவர்.

மதிப்பீடு

எடிசனோடு ஒப்பிடப்பட்டாலும் இருவருக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எடிசனின் படைப்புகளுக்குப் பின்னால் ஆய்வுக்கூடங்களும் முதலீட்டாளர்களும் பெருந்தொழிற்சாலைகளும் இருந்தன. நாயுடுவின் படைப்புகள் பல மாதிரி நிலையிலேயே நின்றுவிட்டன. சில வெளிநாட்டில் உற்பத்தியாயின. மகிழுந்து உரிமமின்றி நின்றது. கல்லூரி நிலைத்தது, ஆனால் அவர் விரும்பிய இரண்டாண்டுப் படிப்பு அங்கே நடைமுறைக்கு வரவில்லை.

எனினும், பேருந்துப் பணிமனைகளிலும் மின்னோடிப் பட்டறைகளிலும் பயின்ற தொழிலாளர்கள் வழியே இவரது தாக்கம் தொடர்ந்தது. கோயம்புத்தூர் வெறும் நூற்பாலை நகரமாக நின்றுவிடாமல் பொறியியல் தொழில் நகரமாகவும் வளர்ந்ததில் நாயுடுவுக்கும் அவர் காலத்துத் தொழில் முனைவர்களுக்கும் பங்குண்டு. ஓர் இயந்திரத்தை வாங்குபவர் அதனைத் திறந்து பார்க்கவும் அறிந்திருக்க வேண்டும் என்னும் எண்ணத்தை இவரது வாழ்க்கை வலியுறுத்துகிறது.

மறைவும் நினைவும்

நாயுடு சனவரி 4, 1974 அன்று தமது 80ஆம் அகவையில் காலமானார். இவரது கண்டுபிடிப்புகளும் சேகரித்த கருவிகளும் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள தொழிற்கண்காட்சியில் வைக்கப்பட்டுள்ளன. அதே வளாகத்தில் 2015இல் மகிழுந்து அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. பிரித்தானிய, அமெரிக்க, செருமானியப் பழைய மகிழுந்துகள் அங்கே காட்சிக்கு உள்ளன. எழுத்தாளர் சிவசங்கரி நாயுடுவின் வாழ்க்கையை அப்பா என்னும் பெயரில் நூலாக எழுதியுள்ளார். அவிநாசி சாலையில் ஏறத்தாழ 10 கி.மீ. நீளத்துக்குக் கட்டப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்குத் தமிழ்நாடு அரசு இவரது பெயரைச் சூட்டியது.

காலவரிசை

- 1893: கலங்கலில் பிறப்பு
- 1920: பொள்ளாச்சி – பழனி தடத்தில் முதல் பேருந்து
- 1933: யு.எம்.எஸ். நிறுவனத்தில் 280 பேருந்துகள்
- 1936: இலண்டனில் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தல்
- 1937: பீளமேட்டில் மின்னோடி உருவாக்கம்
- 1941: 70 ரூபாய் வானொலி பற்றிய அறிவிப்பு
- 1944: மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகல்
- 1945: ஆர்தர் ஹோப் கல்வி நிறுவனங்களின் தொடக்கம்
- 1952: இருவர் அமரும் மகிழுந்து
- 1974: மறைவு